கிழிந்தது கூம்பு, கெடவில்லை குரல்

கல்முனைக்குடியிலிருந்து வாசகி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு மடல் வரைந்துள்ளார். பெயரை வெளியிட வேண்டாமென அவர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகின்றோம். அவருடைய தந்தையார் 1980களில் சவூதி அரேபியாவுக்குத் தொழில் தேடிச் சென்றவர். கடிதம் எழுதுவதைக் காட்டிலும், கசெட் என்று யாவரும் வழங்கும் ஒலிநாடாவில் பேசி, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவதே அவர் வழக்கம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. நாடாக்களுள் மூன்று எஞ்சியுள்ளன. அவற்றைக் கேட்பதற்குரிய பழைய வானொலிப் பெட்டியும் எஞ்சியுள்ளது. ஆயின், அண்மைக் காலமாக அப்பெட்டியில் தந்தையாரின் குரல் கரகரத்து ஒலிக்கின்றதாம். திருத்துநர் ஒருவரிடம் காட்டியபோது, "ஒலிபெருக்கியின் கடதாசி அரை அங்குலம் கிழிந்துள்ளது, இந்த அளவில் இப்போது கிடைப்பதில்லை, பெட்டியை வீசிவிட்டு வேறொன்று வாங்குங்கள்" என்று கூறிவிட்டாராம்.

அம்மடலின் இறுதிப் பகுதியை அவ்வண்ணமே தருகின்றோம். "என் கடைசி மகள் அவரைக் கண்டதில்லை. அன்றொரு நாள் நாடாவைப் போட்டபோது, 'இவர்தானா மூத்தாப்பா? இவர் இப்படியா உம்மா கதைப்பார்?' என்று கேட்டாள். வாப்பாவின் குரல் தேன் போன்றது. அதை இவளுக்கு எப்படிக் காட்டுவேன்? அரை அங்குலக் கிழிசலுக்கு மருந்தே இல்லையா?"

உண்டு. அதுவும் ஒரு தேயிலைப் பையின் தாளும், ஒரு துளிப் பசையும், ஒரு நாள் பொறுமையும் வேண்டுகின்ற எளிய மருந்தே. இம்மருந்து கிழக்குக் கரையில் இன்னும் பல இல்லங்களுக்குத் தேவைப்படும் என்பதால், விடையை இப்பகுதியிலேயே விரிவாக எழுதுகின்றோம்.

குரல் எங்கே இருக்கின்றது?

முதலில் மனத்துக்கு ஆறுதலான உண்மையொன்றைக் கூறிவிடுவோம். கரகரப்பது குரலன்று. குரல், நாடாவின் மீது பூசப்பட்ட காந்தப் பொடியிலே பதிந்து கிடக்கின்றது. பெட்டி அதனைப் படித்து, மின்னோட்டமாக மாற்றி, வலுவூட்டி, ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்தால், நாடாவில் உள்ள பதிவு ஓர் அணுவளவும் குன்றுவதில்லை. சொல்லும் செய்தி நலமாகவே உள்ளது. அதனைச் சொல்லும் வாயிலேதான் புண்.

இதனை ஐயமற அறிந்துகொள்ள ஒரு வழியுண்டு. காதில் அணியும் ஹெட்போனைப் பெட்டியின் துளையிற் செருகி நாடாவைக் கேளுங்கள். குரல் தெளிவாக ஒலித்தால், குற்றம் ஒலிபெருக்கியுடையதே. ஹெட்போனிலும் கரகரத்தால், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி அழுக்கடைந்திருக்கலாம், அல்லது வேறு பழுது இருக்கலாம். அப்போது கூம்பை ஒட்டுவதாற் பயனில்லை.

ஹெட்போனிலே தெளிவாகக் கேட்டவுடன், ஒட்டும் வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நாடாவுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலிவாங்கும் துளைக்கு இணைத்து, ஒலியைக் குறைவாக வைத்துப் பதிவு செய்யலாம். இயலாதோர் பிள்ளைகளின் துணையை நாடலாம். இது அவர்களுக்குப் பழகிய வேலை. பழைய பெட்டிகள் சில வேளை நாடாவைக் கடித்துச் சிக்கவைத்து விடுவதுண்டு. ஒரே ஒரு பிரதியாக உள்ள பொருளை அதன் வாயில் அடிக்கடி கொடுத்தல் தகாது. அன்றியும், நாடாப் பேழையின் பின் விளிம்பில் இரு மூலைகளிலும் சிறிய பிளாஸ்ரிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால், அறியாமல் யாரேனும் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது.

இந்த முன்னெச்சரிக்கையின் அருமையைக் கிழக்குக் கரையில் உள்ளோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கல்முனைக்குடியும் மருதமுனையும் சாய்ந்தமருதும் அதன் கொடுமையை நேரிற் கண்ட ஊர்கள். அன்று வீட்டோடு படங்களையும் கடிதங்களையும் இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய இல்லமொன்றிலே உறவினர் கைவசம் இருந்த காரணத்தால் தப்பிய ஒரு நாடா, மறைந்தவரின் எஞ்சிய ஒரே உருவமாகவும் இருக்கக்கூடும். ஆதலின், அரை அங்குலக் கிழிசல் அற்பமான விஷயமன்று.

கூம்பு செய்யும் வேலை

ஒலிபெருக்கியைக் கழற்றிப் பார்த்தவர்கள், இவ்வளவு எளிய பொருளா இவ்வளவு பேசுகின்றது என்று வியப்பதுண்டு. பின்புறம் ஒரு காந்தம். அதன் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி. அந்த இடைவெளியில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகின்றது. சுருளோடு ஒட்டியது கடதாசிக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தம் அதனை முன்னும் பின்னும் உந்துகின்றது. சுருளோடு கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட காற்றே நம் செவியில் ஒலியாகின்றது. விநாடிக்கு நூறு அதிர்வுள்ள ஒலி வேண்டுமாயின், கூம்பு விநாடிக்கு நூறு முறை போய்வர வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிவர் லொட்ஜ் என்னும் விஞ்ஞானி 1898ஆம் ஆண்டிலேயே இத்தகைய அசையும் சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், இன்று நாம் காணும் கூம்பு ஒலிபெருக்கியை நடைமுறைக்கு உகந்த வடிவில் அமைத்து உலகுக்கு விளக்கியவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்னும் இருவராவர். அவர்களுடைய ஆய்வுரை வெளிவந்தது 1925ஆம் ஆண்டில். அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாளன்றுதான், எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால், கொழும்பிலே வானொலி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அதுவே பின்னர் இலங்கை வானொலியாகி, 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாயிற்று. கொழும்பிலிருந்து புறப்பட்ட தமிழ் நிகழ்ச்சிகளும் முஸ்லிம் நிகழ்ச்சிகளும், தலைமுறை தலைமுறையாகக் கரையோர இல்லங்களின் குசினிக்குள் வந்து பேசியது, இந்தக் கடதாசிக் கூம்பின் வாயிலாகவே.

வேறு எத்தனையோ பொருள்கள் வந்துவிட்ட இக்காலத்திலும் கடதாசிக்கூழாற் செய்த கூம்பு வழக்கொழியவில்லை. காரணம் யாதெனின், அது மிக இலேசானது. அதே வேளை விறைப்பும் உடையது. நான்கங்குலக் கூம்பும் அதன் சுருளும் சேர்ந்து சில கிராம் நிறைதான். நிறை குறைவாக இருப்பதாலேயே அது மின்னோட்டத்தின் சிறு அசைவுக்கும் உடனே இணங்குகின்றது. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். ஒட்டும் முறை முழுவதும் இதிலிருந்தே பிறக்கின்றது.

கிழிசலின் காரணமும் அடையாளமும்

கடற்கரை ஊர்களிலே கூம்புக்குப் பகைவர் பலர். மாரிகாலத்தில் உப்பேறிய ஈரக்காற்றினால் கடதாசி நெகிழ்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே கடதாசி உலர்ந்து சுருங்குகின்றது. ஆண்டுதோறும் இவ்வாறு நெகிழ்ந்தும் சுருங்கியும் வந்தால், விளிம்போரம் வெடிப்பது இயல்பு. கரப்பானும், இராமபாணம் எனப்படும் புத்தகப்பூச்சியும் கடதாசியை அரிப்பவை. எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றோடு, முன் துணி கிழிந்த பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பிள்ளைகளும் உளர். எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்றுண்டு: திருத்தும் வேளையில் ஒலிபெருக்கியின் காந்தம் திருகாணிச்சுழற்றியைச் சட்டென்று தன்பால் இழுக்க, அதன் நுனி கூம்பைக் குத்திவிடுவது. எத்தனையோ நல்ல கூம்புகள் இவ்வாறு திருத்துவோர் கையிலேயே கிழிந்துள்ளன.

கிழிசலுக்குரிய அடையாளம் யாது? மெல்லிய ஒலியில் ஒன்றும் தெரியாது. ஒலியைக் கூட்டியவுடன், தாழ்ந்த சுருதியில் 'பர்ர்' என்ற அதிர்வு எழும். கிழிந்த இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசுவதே அதற்குக் காரணம். ஆடவர் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் விநாடிக்கு 100 முதல் 150 அதிர்வுகள் வரை அமையும். சிறு பிள்ளைகளின் குரலோ 250க்கும் மேற்படும். சுருதி தாழத் தாழக் கூம்பு கூடுதலாக அசைய வேண்டியிருப்பதால், ஒரே பெட்டியில் குழந்தையின் பாட்டுத் தெளிவாகவும் தந்தையின் பேச்சுக் கரகரப்பாகவும் கேட்கும். மடல் எழுதிய சகோதரியின் வீட்டில் நிகழ்வதும் இதுவாகவே இருக்கும்.

கரகரப்பை விரும்பி வரவழைத்தோரும் உலகில் உளர். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிற் பதிவான ஓர் இசைத்தட்டுக்காக, வழியிலே பழுதுற்ற கிற்றார் ஒலிபெருக்கியின் கூம்புக்குள் தாளைத் திணித்து வாசித்தனர் என்றும், அவ்வொலியே பலரைக் கவர்ந்தது என்றும் கூறுவர். 1964இல் இங்கிலாந்தின் கிங்ஸ் என்னும் இசைக்குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், சிறிய ஒலிபெருக்கி ஒன்றின் கூம்பைச் சவர அலகினாற் கீறியே தம் கிற்றாருக்குப் புதிய ஓசையைப் பெற்றார். கிற்றாருக்கு அது அணியாக இருக்கலாம். மறைந்த ஒருவருடைய பேச்சுக்கு அஃது அணியாகாது.

ஒட்டுமுன் மற்றொரு சோதனையும் செய்ய வேண்டும். ஒலிபெருக்கியைக் கழற்றி மேசைமேல் மலர்த்தி வைத்து, கூம்பின் இரு மருங்கிலும் விரல் நுனிகளைச் சமமாக வைத்து, மிக மெதுவாகக் கீழே அழுத்தி விடுங்கள். ஓசையின்றி இறங்கி ஏறினால் நன்று. மணலைத் தேய்ப்பது போன்ற உரசல் கேட்டால், உள்ளே சுருள் இடைவெளியின் நடுவிலிருந்து விலகிக் காந்தத்தில் உராய்கின்றது என்று அறிக. அதற்குக் கிழிசலை ஒட்டுவது மருந்தாகாது. அடுத்து, டோர்ச் விளக்கின் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றிலிருந்து இரு கம்பிகளை ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டெடுங்கள். கூம்பு துள்ளி 'டக்' என்று ஒலித்தால் சுருள் உயிரோடு உள்ளது. ஒலி எழாவிட்டால் சுருள் அறுந்திருக்கும். வீண் உழைப்பு வேண்டாம்.

ஒட்டின் நிறை

இனி, இவ்வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். கிழிசலைக் கண்டவுடன் அதனை வலுவாக ஒட்ட வேண்டும் என்றே மனம் எண்ணும். தடித்த தாளையும் கெட்டிப் பசையையும் கை தேடும். இவ்வேலை பாழாவது அங்கேதான். கூம்பின் ஒரு பக்கத்தில் கனமேறினால், அசையும்போது அது ஒரு புறம் சாய்ந்து அசையும். சுருள் காந்தத்தில் உரசத் தொடங்கும். பசை கண்ணாடி போல் இறுகினாலோ, வளையும் கடதாசிக்கும் வளையாத ஒட்டுக்கும் இடையில் புதிய கிழிசல் பிறக்கும். கிழிந்த பொருளைக் காட்டிலும் ஒட்டு கனமாகவும் கடினமாகவும் இருத்தல் ஆகாது. இதுவே விதி.

இவ்விதியைக் கிழக்குக் கரையின் கைத்தொழில்கள் நெடுங்காலமாக அறியும். கரைவலையின் கண் ஒன்று அறுந்தால், அதே பருமனுள்ள நூலாலேயே வலையைப் பொத்துவார்கள். பலமாக இருக்கட்டுமென்று தடித்த கயிற்றைக் கட்டினால், இழுக்கும்போது பாரம் முழுவதும் அக்கயிற்றின் அருகிலுள்ள நூலில் விழுந்து அதனையும் அறுத்துவிடும். மருதமுனைக் கைத்தறியிலே பாவு நூல் அறுந்தால், நெசவாளர் இடும் முடிச்சு கண்ணுக்குத் தெரியாத அளவினதாக இருக்கும். முடிச்சுப் பெரிதானால் அச்சிலே சிக்கி அடுத்த நூலையும் அறுக்கும். கூம்புக்கும் இதே நீதிதான்.

தேயிலைப் பையின் தாள் சிறந்தது என்று தொடக்கத்திற் கூறியது இதனாலேயே. அத்தாள் பெரும்பாலும் மணிலா நார் எனப்படும் அபாக்கா நாரைக் கலந்து செய்யப்படுவது. கொதிநீரிற் கிடந்தும் கிழியாத உறுதி அதற்குண்டு. நிறையோ மிகச் சொற்பம். சதுர மீற்றருக்கு 17 கிராம் அளவுள்ள மெல்லிய தாளிலே ஒரு சதுர அங்குலத்தை வெட்டினால், அதன் நிறை ஒரு கிராமின் நூற்றிலொரு பங்குதான். எழுதும் தாளோ ஏறத்தாழ அதனைப் போல் ஐந்து மடங்கு. பட்டம் கட்டும் டிசு கடதாசியும் ஆகும். ஆனால் ஈரத்தில் அது விரைவிற் பிய்யும்.

செய்முறை

வேண்டிய பொருள்கள்: பயன்படுத்தாத தேயிலைப் பை ஒன்று, தச்சரும் புத்தகம் கட்டுவோரும் கையாளும், உலர்ந்தபின் தெளிவாகித் துவளும் இயல்புள்ள வெண்பசை சிறிது (கடைகளிற் பைண்டர் கம் என்று கேட்டால் தருவர்), வர்ணம் தீட்டும் மெல்லிய தூரிகைகள் இரண்டு, சுத்தமான நீர் சில துளி, பஞ்சு சுற்றிய ஈர்க்கு ஒன்று.

முதலாவதாக, பெட்டியின் மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். உள்ளே பற்றரிகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடிக் குழாய்கள் உள்ள மிகப் பழைய வால்வு வானொலியாயின், அதனை நீங்கள் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் ஆபத்தான மின்னேற்றம் அதனுள் தங்கியிருக்கும். பயிற்சியுள்ளவர் கையில் ஒப்படைத்து, ஒலிபெருக்கியை மட்டும் கழற்றித் தரச் சொல்லலாம்.

இரண்டாவதாக, ஒலிபெருக்கியைத் தாங்கும் ஆணிகளைக் கழற்றும்போது, மற்றொரு கையைக் கூம்புக்கும் கருவிக்கும் இடையிற் காவலாக வையுங்கள். காந்தத்தின் இழுப்பை முன்பே சொன்னோம். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதற்கு ஒரு நூலைக் கட்டி அடையாளம் செய்யுங்கள். ஒலிநாடாக்களை அந்த மேசையிலிருந்து அப்பால் எடுத்து வையுங்கள். ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு மிக அருகில் வைத்த நாடாவிற் பதிவு மங்கிப்போகக்கூடும். வாயைத் திருத்தப்போய்க் குரலை இழந்துவிடலாகாது. இரும்புத் தூள் சிந்திய இடத்திலும் இவ்வேலை ஆகாது. காந்தம் அதனை உள்ளிழுத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, உலர்ந்த தூரிகையாற் கூம்பின் தூசியைத் துடையுங்கள். ஈரத்துணியால் துடைத்தல் கூடாது, கடதாசி நெகிழும். கிழிசலின் விளிம்புகள் மடிந்திருந்தால், பின்புறத்திலிருந்து ஒரு விரலைக் கொடுத்து, ஈர்க்கினால் மெல்லத் தடவி அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். கிழிந்த நார்கள் ஒன்றோடொன்று மீண்டும் பின்னிக்கொள்ளுமாறு பொருத்துவதே நன்று. நார்களைக் கத்தரித்துச் 'சுத்தம்' செய்ய வேண்டாம்.

நான்காவதாக, தேயிலைப் பையைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, தாளிலிருந்து ஒரு துண்டை எடுங்கள். கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் கால் அங்குலம் மிகுந்திருத்தல் போதும். சிறப்பாகக் கிழிசலின் இரு முனைகளுக்கும் அப்பால் அது நீள வேண்டும். ஏனெனில், கிழிசல் வளர்வது முனைகளிலிருந்தே. துண்டைக் கத்தரியால் வெட்டாமல் விரலாற் பிய்த்தெடுங்கள். பிய்த்த விளிம்பில் நார்கள் பஞ்சுபோல் விரிந்து நிற்பதால், ஒட்டுக்கும் கூம்புக்கும் இடையிற் படியொன்று ஏற்படாமல் இரண்டும் ஒன்றிப்போகும்.

ஐந்தாவதாக, இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு நீர் கலந்து, கூம்பின் பின்புறத்திலே கிழிசல் உள்ள இடத்தில் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். தாளை அதன்மேற் படியவைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தூரிகையால் தடவி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். தாள் பசையை உறிஞ்சிக் கண்ணாடி போலத் தோன்றினால் அளவு சரி. மிகுந்த பசையைப் பஞ்சினால் ஒற்றியெடுங்கள். பின்புறம் கை எட்டாத ஒலிபெருக்கியாயின் முன்புறத்திலேயே ஒட்டலாம். அழகு சற்றுக் குறையுமேயன்றி ஒலிக்குக் குறைவில்லை. ஓர் அங்குலத்தை மீறிய கிழிசலுக்கு மட்டும் இரு புறமும் ஒட்டுக.

ஆறாவதாக, நிழலில் ஒரு நாள் முழுவதும், அதாவது 24 மணி நேரம், கூம்பு வானத்தை நோக்கியிருக்குமாறு படுக்க வைத்து உலர விடுங்கள். மாரி காலமாயின் மற்றொரு நாளும் பொறுத்தல் நன்று. வெயிலில் வைத்தால் ஒட்டு விரைவிற் சுருங்கிக் கூம்பைக் கோணச் செய்யும். பலருடைய உழைப்பு வீணாவது ஒட்டும் முறையிலன்று. உலருமுன் போட்டுப் பார்க்கும் ஆவலிலேயே. உலர்ந்தபின், ஒட்டின் வெண்மை உறுத்தினால் கறுப்பு மையை நீர்த்து ஒரு முறை தீட்டலாம். வர்ணம் பூச வேண்டாம், அது கனம்.

செய்யத் தகாதவை

செலோடேப் ஒட்டுவது பரவலான வழக்கம். சில மாதங்களில் அதன் பசை காய்ந்து, நாடா பிரிந்து, முன்பு ஒரு கரகரப்பு இருந்த இடத்தில் இரண்டு கரகரப்புகள் எழும். கண நேரத்தில் ஒட்டும் சுப்பர் குளூ, கடதாசிக்குள் ஊறிக் கண்ணாடியாகின்றது; அதன் ஓரத்திலேயே கூம்பு மீண்டும் வெடிக்கும். நகச் சாயத்தைப் பூசுவோரும் உளர். மயிரிழை வெடிப்பு ஒன்றுக்குக் கூம்பின் நடுப்பகுதியில் அது பயன்படலாம். வளைந்து கொடுக்க வேண்டிய விளிம்பில் அதனைப் பூசினால் விளிம்பு விறைத்துவிடும். கோதுமைமாப் பசையும் கஞ்சிப் பசையும் கல்யாண வீட்டுத் தோரணத்துக்கு நல்லவை, கூம்புக்கு ஆகா. கரப்பானுக்கும் இராமபாணத்துக்கும் அவை விருந்து. மாரி ஈரத்தில் அவை இளகவும் செய்யும்.

கூம்பைச் சுற்றியுள்ள வளைந்த விளிம்பு மடிப்புக் கிழிந்தால் முறை வேறு. அது ஓயாது மடங்கி விரியும் பகுதி. துணியாலோ இறப்பராலோ ஆனதாயின், உலர்ந்தும் இறப்பர்போல் இழுபடும் பசையும், மிக மெல்லிய பருத்தித் துணித் துண்டும் கொண்டு ஒட்டலாம். கடற்பஞ்சு போன்ற செயற்கை நுரையால் ஆன விளிம்பு, விரல் பட்டவுடன் பொடியாக உதிர்ந்தால், அதனை ஒட்ட முயலாதீர்கள். ஈரக் காற்றிலே அந்நுரை தானே சிதைவது இயல்பு. விளிம்பு வளையத்தையே மாற்ற வேண்டும்.

பள்ளிவாசல் மினாரத்திலும் விழாப் பந்தலிலும் நாம் காணும் குழல் ஒலிபெருக்கிகளுக்கு இம்முறை பொருந்தாது. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் ஊரெங்கும் கேட்கும் அக்குழல்களினுள்ளே கடதாசிக் கூம்பு இல்லை. குழலின் அடியில், உள்ளங்கையளவிற் சிறிய தகடொன்றே அதிர்கின்றது. அது கிழிந்தால் மாற்றுவதே வழி. கடல் நீரில் மூழ்கிய ஒலிபெருக்கியும் அவ்வாறே. உப்பு நீர் காந்தத்தின் இடைவெளியில் துருவை வளர்த்துவிடும். கூம்பு முழுதாக இருந்தாலும் சுருள் அசையாது.

ஒட்டிய பின்

உலர்ந்த ஒலிபெருக்கியைப் பெட்டியிற் பொருத்தி, முதலில் மெல்லிய ஒலியிற் பேச்சு நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். பின்னர் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டுங்கள். கரகரப்பு நீங்கியிருந்தால் வேலை முடிந்தது. சிறிது எஞ்சியிருந்தால், கிழிசலின் முனை ஒன்று ஒட்டுக்கு வெளியே நீண்டிருக்கின்றதா என்று வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். கூம்பின் பின்னே ஒரு டோர்ச் விளக்கை வைத்தால் ஊசிமுனை அளவு வெடிப்பும் மின்னித் தெரியும். அங்கே மற்றொரு சிறு துண்டு போதும்.

ஒட்டிய கூம்பு புதியதற்கு முற்றிலும் நிகராகும் என்று நாம் கூறமாட்டோம். தாழ்ந்த சுருதிகளைக் கூட்டும் திருகியை நடுவுக்கு மேலே ஏற்றாதீர்கள். கிழிந்த முன் துணியை மாற்றி மெல்லிய துணியொன்றைக் கட்டுங்கள். பிள்ளைகளின் விரலுக்கும் பூச்சிக்கும் அது வேலி. மாரி காலத்தில் பெட்டியைத் தரையிலும் கடலை நோக்கிய யன்னலருகிலும் வைக்க வேண்டாம். பயன்படுத்தாமல் மூடி வைப்பதினும், வாரம் ஒரு முறையேனும் பேச வைப்பதே பெட்டிக்கு நல்லது.

கிழிசல் அரை அங்குலமாக இருக்கும்போது இது ஒரு நாள் வேலை. 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால், கூம்பு அசையும் ஒவ்வொரு முறையும் முனை சிறிது முன்னேறும். ஒரு மாரி முடிவதற்குள் விளிம்பு வரை சென்றுவிடும். ஒட்டு நன்றாக அமைந்ததா என்பதைக் கண்ணாற் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேசுபவரின் மூச்சும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் அவர் தயங்கும் தயக்கமும் செவிக்கு வந்து சேர்ந்தனவா என்று கேளுங்கள். அவை வந்தால், ஒட்டு தன் கடமையைச் செய்துவிட்டது.

அடுத்த வாரம், மாரி மழை தொடங்குமுன் தையல் இயந்திரத்திற் துருவேறாமற் காக்கும் முறைகளை நோக்குவோம்.